மக்களவையில் பெரும்பான்மை இருந்தால் ஒரு அரசு எந்தச் சட்டத்தையும் நிறைவேற்றிவிடலாமா? பிறகு மாநிலங்களவை எதற்கு?

போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு நாடாளுமன்றப் பாடம் எடுக்கிறேன். இந்தக் கேள்வி வராத வருடமே கிடையாது. முடியாது என்பதுதான் பதில். ஏன் என்று கேட்டால், 1970 செப்டம்பர் 5 அன்று மாநிலங்களவையில் நடந்ததைத்தான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன்.

தங்கள் சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைத்த முன்னாள் மன்னர்களுக்கு அரசு ஆண்டுதோறும் மானியம் கொடுத்துவந்தது. அதை ஒழிக்க இந்திரா காந்தி அரசு அரசியல் சட்டத் திருத்த மசோதா கொண்டுவந்தது. மக்களவையில் தேறிவிட்டது. மாநிலங்களவையில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. எதிர்த்தவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பேர் ஆதரித்தும் மசோதா தோற்றுப்போனது. வாக்களித்தவர்கள் மொத்தம் 224 பேர். அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை; அதாவது 149.33. அந்த .33தான் குறைந்தது. இன்னும் ஒரே ஒரு உறுப்பினர் வந்து ஆதரித்திருந்தால் 225இல் 150, சரியாக மூன்றில் இரண்டு! மாணவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு நிமிரும்போது, இனி அவர்களுக்கு இது மறக்காது என்று எனக்குத் தெரிந்துவிடும். 1971 தேர்தலில் பெரிய வெற்றி பெற்று வந்த பிறகுதான், 26ஆவது திருத்தத்தின் மூலம் அந்த அரசால் மன்னர் மானியத்தை ஒழிக்க முடிந்தது.

அரசியல் சட்டத்தைத் திருத்த இரு அவைகளும் தனித்தனியாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு இருக்க வேண்டும்; அதோடு, வந்திருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். சில திருத்தங்களுக்குப் பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் சம்மதிக்க வேண்டும். மக்களவையில் 400க்கும் மேற்பட்ட இடங்களை வைத்திருந்த ராஜீவ் காந்தியே 1989 அக்டோபரில் தன் பஞ்சாயத்து ராஜ் திருத்த மசோதாவை மாநிலங்களவையில் பறிகொடுத்தார். மாநில அரசுகளைத் தாண்டி டெல்லி நேராக ஊராட்சிகளுக்குள் கை நீட்டுகிறது என்பது அப்போது எழுந்த முக்கியமான எதிர்ப்பு. அந்தக் கவலையை எழுப்ப ஒரு இடம் இருந்தது நல்லது என்றே நான் நினைக்கிறேன். பின்னால் 1992இல் நிறைவேறிய 73ஆவது திருத்தம் பல விஷயங்களை மாநிலச் சட்டமன்றங்களின் முடிவுக்கு விட்டுவைத்தது.

சரி, மாநிலங்களவை ஏன் இப்படி வேறு கணக்கில் நிற்கிறது? அதன் அமைப்பே அப்படி. மக்களவையின் 543 பேரையும் நாம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம். மாநிலங்களவையின் 245 இடங்களில் 233 பேரைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். ஆறு ஆண்டு பதவி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வுபெறுவார்கள். அவை ஒருபோதும் கலைவதில்லை. ஆகவே ஒரே ஒரு தேர்தல் அலையில் இது மாறிவிடாது. சட்டமன்றத் தேர்தலில் நாம் போடும் ஓட்டு தமிழ்நாட்டின் 18 மாநிலங்களவை இடங்களையும் தீர்மானிக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை.

சாதாரண மசோதாவில் வழி கொஞ்சம் தளர்வு. இரு அவைகளும் முரண்பட்டால், குடியரசுத் தலைவர் கூட்டுக்கூட்டத்தைக் கூட்டலாம். அங்கே 543-ம் 245-ம் சேர்ந்து 788. எல்லோரும் வந்தால் 395 போதும். மக்களவையில் 300 பேர் உள்ள அணிக்கு மாநிலங்களவையிலிருந்து 95 பேர் இருந்தாலே ஜெயம். ஆனால் இதுவரை மூன்றே முறைதான் இப்படி மசோதா நிறைவேறியது: 1961இல் வரதட்சணைத் தடை, 1978இல் வங்கிப் பணியாளர் தேர்வாணையச் சட்ட ரத்து, 2002இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா. பொடாவை மாநிலங்களவை நிராகரித்த சில நாட்களிலேயே கூட்டுக்கூட்டம் 425க்கு 296 என்று நிறைவேற்றிவிட்டது. அரசியல் சட்டத் திருத்தத்துக்கு இந்த வழி கிடையாது.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது மூன்றாவது வகை, பண மசோதா. வரி, அரசின் கடன், அரசு நிதியிலிருந்து செலவு போன்றவற்றை மட்டுமே கொண்ட மசோதா இது. இதில் மாநிலங்களவை 14 நாட்களுக்குள் பரிந்துரை சொல்லலாம், அவ்வளவுதான். ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் விருப்பம். ஒரு மசோதா பண மசோதாவா என்று முடிவு செய்பவர் மக்களவை சபாநாயகர். 2016இல் ஆதார் மசோதா அப்படித்தான் வந்தது. மார்ச் 16 அன்று மாநிலங்களவை ஐந்து திருத்தங்களைப் பரிந்துரைத்தது; அன்றே மக்களவை ஐந்தையும் நிராகரித்து மசோதாவை நிறைவேற்றியது. குடிமக்களின் கைரேகையையும் அந்தரங்கத்தையும் தொடும் ஒரு சட்டத்தில் இரண்டாவது அவையின் பேச்சுக்குப் பலனே இல்லாமல் போனதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

உச்ச நீதிமன்றம் 2018இல் பெரும்பான்மைத் தீர்ப்பில் அதைச் சரி என்றது; நீதிபதி சந்திரசூட் மட்டும் இது பண மசோதாவே அல்ல என்று மாறுபட்டு எழுதினார். அடுத்த ஆண்டே இன்னொரு வழக்கில், பண மசோதா எது என்ற அந்தக் கேள்வியை ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு பார்க்கட்டும் என்று உச்ச நீதிமன்றமே அனுப்பிவைத்தது.