தேதியைப் பாருங்கள்

கேள்வி: 'கேப்டன் அமெரிக்கா' படக்கதையின் முதல் இதழ்ப் பிரதி ஒன்று 2022-ல் முப்பது லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்றாமே! அட்டையில் ஹிட்லர் அடி வாங்குகிறார் என்பதற்காகவா? போர்க்காலத்தில் அவரைத் திட்டாதவர் யார்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: போர்க்காலத்தில் திட்டினார்கள், சரி. இந்த இதழின் தேதியைப் பாருங்கள். அட்டையில் 1941 மார்ச் என்று இருந்தாலும், கடைகளுக்கு வந்தது 1940 டிசம்பரில். அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த ஜப்பானின் பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்தது 1941 டிசம்பர் 7-ல். அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஓராண்டு இருந்தது. 'ஐரோப்பாவின் சண்டை நமக்கு எதற்கு?' என்று கேட்டவர்கள் அங்கே அப்போது ஏராளம். அந்த நேரத்தில்தான் இதை உருவாக்கிய ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் பத்து சென்ட் படக்கதையின் அட்டையிலேயே தங்கள் நாயகன் கேப்டன் அமெரிக்காவை ஹிட்லரின் தாடையில் ஓங்கிக் குத்தவிட்டார்கள். சுற்றிலும் நாஜி வீரர்கள் சுடுகிறார்கள். ஒரு குண்டு நாயகனின் கேடயத்தில் பட்டுத் தெறிக்கிறது. தரையில் அமெரிக்காவின் வரைபடமும் நாசவேலைத் திட்டமும் கிடக்கின்றன.

இருவரும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். கிர்பியின் இயற்பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர். அவர்களுக்கு அது வெறும் கற்பனைச் சண்டை அல்ல. இதழ் ஏறக்குறைய பத்து லட்சம் பிரதிகள் விற்றது. மிரட்டல்களும் வந்தன. அமெரிக்க நாஜி ஆதரவாளர்கள் அலுவலக வாசலில் சுற்றியதையும், போலீஸ் காவல் போடப்பட்டதையும், நியூயார்க் மேயர் லா கார்டியா தொலைபேசியில் தைரியம் சொன்னதையும் சைமன் பின்னாளில் எழுதியிருக்கிறார். கிர்பி 1944-ல் காலாட்படை வீரராக பிரான்ஸ் போர்முனைக்கே போனார். இந்த அட்டையை நான் தலையில் வைத்துக் கொண்டாடுவது இதற்காகத்தான்.

விலைக்குக் காரணம் வேறு. போர் தொடங்கியதும் அங்கே பழைய காகிதம் திரட்டும் இயக்கம் நடந்தது. பிள்ளைகள் தங்கள் படக்கதைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மிஞ்சியவையும் மட்டமான செய்தித்தாள் காகிதம். பழுத்து, தொட்டால் பொடிகிறவை. மடங்காமல் கிழியாமல் தப்பிய பிரதிக்குத்தான் அந்த இலட்சங்கள்.

படிப்பதற்கு மறுபதிப்பு போதும். கேடயத்தைக் கவனியுங்கள்: நாமறிந்த வட்டக் கேடயம் அதில் இருக்காது, அடி கூர்ந்த கேடயமே இருக்கும். வேறொரு பதிப்பகம், தன் நாயகனின் மார்புக் கவசம் போல இருக்கிறது என்று ஆட்சேபித்ததால், இரண்டாம் இதழில் வட்டமாக்கிவிட்டார்கள்.