எவர்சில்வரில் துரு வந்தால் கடைக்காரர் மீது தப்பா?

கேள்வி: போன மாதம் மஞ்சக்குப்பத்தில் ஒரு எவர்சில்வர் குண்டான் வாங்கினேன். சாம்பார் அடிப்பிடித்ததால் கம்பி நார் போட்டு அழுத்தித் தேய்த்தேன். மறுநாள் பார்த்தால் உள்ளே கடுகு கடுகாகத் துருப்புள்ளி. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா? பில் இருக்கிறது.
- வாசகி, தேவனாம்பட்டினம்

பதில்: பில் பத்திரம். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் அந்த நாரைச் சோதித்துவிடுங்கள். ஒரு சிட்டிகை பிய்த்து, உப்புத் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். விடிந்ததும் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்திருந்தால் அது வெறும் இரும்பு நார். தேய்க்கும்போது உதிர்கிற அதன் துகள் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். துருப்பிடிப்பது பெரும்பாலும் அந்தத் துகள்தான். அதிலும் நம் ஊர் உப்புக்காற்றுக்குக் கேட்க வேண்டுமா!

காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். இங்கே அது உதவாது. இரும்பு நாரும் காந்தத்தில் ஒட்டும், சுருள் சுருளாக விற்கும் எவர்சில்வர் ஸ்க்ரப்பர் பலவும் ஒட்டும். பாத்திரத்திலோ நல்ல 304 ரகமும் சரி, விலை குறைந்த 202 ரகமும் சரி, பெரும்பாலும் ஒட்டாது.

எலுமிச்சைச் சாறு தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துணியால் துடையுங்கள். புள்ளி போய்த் திரும்பி வராவிட்டால் குற்றவாளி நார்தான். நார் படாமலே அதே இடத்தில் மறுபடி வந்தாலோ, நகத்தில் குழி தட்டுப்பட்டாலோ பில்லோடு கடைக்குப் போங்கள். மாற்றித்தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம், இனி அடிப்பிடித்தால் வெந்நீரில் ஊறவைத்து எவர்சில்வர் ஸ்க்ரப்பரால் தேய்த்தால் போதும். நான்-ஸ்டிக் தவா பக்கம் மட்டும் எந்த உலோக நாரும் போகக்கூடாது.

கேள்வி: பழைய தேக்குக் கதவுக்கு வார்னிஷ் அடிக்கிறோம். ஆசாரி ‘நாலு ஜீரோ’ நார் கேட்டார். கடையில் 4ஆம் நம்பர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?
- வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: ஐயோ, கதவில் வைத்துவிடாதீர்கள்! 0000 என்பது பஞ்சு மாதிரி, தலைமுடியைவிட மெல்லிசு. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே லேசாகத் தேய்க்க அதுதான். 4 என்பது ஆகச் சொரசொரப்பு. பழைய பெயின்ட் சுரண்டத்தான் லாயக்கு. சைபர் கூடக் கூட நார் மெலியும், சைபருக்கு மேலே எண் ஏற ஏறத் தடிக்கும். பிரிக்காத பாக்கெட் என்றால் இன்றே மாற்றிக்கொள்ளுங்கள்.

அடிப்பது தண்ணீர் கலக்கும் வார்னிஷா என்று ஆசாரியிடம் கேளுங்கள். ஆமென்றால் 0000கூட வேண்டாம். உதிர்ந்த துகள் ஈரத்தில் துருவேறிப் புள்ளி விழும். படகு வேலைக்காரர்கள் இதற்காகவே துருப்பிடிக்காத வெண்கல நார் வைத்திருப்பார்கள். எல்லாக் கடையிலும் அது கிடைக்காது. 320 நம்பர் உப்புத்தாள் வாங்குங்கள்.

கேள்வி: சிங்க் குழாய் ஓட்டை வழியாக எலி வருகிறது. இரும்பு நார் அடைக்கலாமா?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அடைக்கலாம், ஆனால் ஈரத்தில் துருவேறிப் பொடியாகிவிடும். செம்பு நாரோ எவர்சில்வர் நாரோ திணித்து, மேலே சிமென்ட் பூசிவிடுங்கள். மீந்த இரும்பு நாரை பேட்டரி கிடக்கிற டப்பாவில் போடாதீர்கள். 9 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனையும் பட்டால் நார் தீப்பிடித்துக்கொள்ளும்.