இரண்டு வயது மகளுக்கு எக்ஸிமா. இரவெல்லாம் சொறிகிறாள், வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

என் மகனுக்கு ஐந்தாம் மாதத்தில் கன்னத்தில் தொடங்கியது. இப்போது ஒன்பது வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை தலைகாட்டிவிட்டுப் போகும். நான் மருத்துவர் அல்ல. நிறையத் தவறு செய்து கற்றுக்கொண்ட தாய்.

எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் கரப்பான். அந்தப் பெயரைச் சொன்னதுமே கரப்பான் பண்டங்களின் பட்டியலும் வந்துவிடும்: கத்தரிக்காய், கருவாடு, இன்னும் என்னென்னவோ. பால் கொடுக்கிறவள் அதையெல்லாம் தின்றதால்தான் பிள்ளைக்கு வந்தது என்றார்கள். சொன்னது மாமியார் இல்லை, பாவம். என்னைப் பெற்ற அம்மாவேதான். நான்கு மாதம் ரசமும் பருப்புச் சாதமுமாக இருந்தேன். நான் இளைத்தேன், அவன் கன்னம் அப்படியே இருந்தது. குறிப்பிட்ட உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்ற சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகவே பாலையும் முட்டையையும் நிறுத்தி வளரும் குழந்தையைப் பட்டினி போடாதீர்கள்.

இவர்கள் தோல் கசியும் மண்பானை மாதிரி. உள்ளே இருக்கும் ஈரம் நிற்காது. வெளியே இருக்கும் சோப்பும் தூசியும் எளிதில் உள்ளே போய் உறுத்தும். இது தெரியாமல் நான் சுடுதண்ணீரில் பயத்தமாவு தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் மாற்றினோம்: வெதுவெதுப்பான நீர், பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். அளவைக் கேட்டால் திகைப்பீர்கள். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை என்கிறது. நாங்கள் குங்குமம் வைப்பதுபோல் வைத்துக்கொண்டிருந்தோம். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். எங்களுக்கு இரவில் பூச வெறும் வெள்ளை வாசலினே போதும் என்றார். சித்திரை வெயிலில் பகலில் அதைப் பூசினால் வியர்க்குரு கிளம்பிவிடும், அப்போது மட்டும் லேசான கிரீம்.

ஸ்டீராய்டு களிம்பைப் பற்றி வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. முதலில் ஒரு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கொடுத்த டியூபைப் பூசினோம். மூன்று நாளில் கன்னம் பளிச்சென்றானது, நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பியது. பிறகு மருத்துவர் டியூபைத் திருப்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்: பூஞ்சை மருந்தோடு க்ளோபெட்டசோல் கலந்தது, ஸ்டீராய்டிலேயே மிக வலுவான வகை. அந்தப் பயத்தில் அவர் எழுதிக்கொடுத்த மிதமான களிம்பையும் கடுகளவு தொட்டுவைத்தேன், அதுவும் தவறு. பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும். சிவப்பு குறைந்ததும் நானாக நிறுத்திவிடுவேன். தடவிப் பார்த்தால் சொரசொரப்பு போயிருக்க வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது. எத்தனை நாள் என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும்.

இரவுதான் கொடுமை. ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்கு, தூக்கம் கெட்ட ஆத்திரத்தில், அவன் கையில் ஓங்கி அடித்துவிட்டேன். அவன் அழவில்லை. கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டான். உள்ளேயிருந்து சொறியும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ‘சொறியாதே’ என்ற சொல்லையே விட்டுவிட்டோம். ஈரத்துணியை அந்த இடத்தில் வைத்து அழுத்தச் சொல்லிக்கொடுத்தோம். வாரம் இருமுறை நகம் வெட்டினோம், முழுக்கை பருத்திச் சட்டை போட்டோம். இரண்டு மணி வரை கணவர் முறை, அதன் பிறகு என் முறை. தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்க முடிந்தபோதுதான் எனக்குப் பொறுமை திரும்பியது. உங்கள் வீட்டில் முதலில் செய்ய வேண்டியது இந்த முறை பிரிப்பதுதான் என்பேன், களிம்பெல்லாம் பிறகு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். புண்ணில் மஞ்சள் பொருக்கு கட்டினாலோ நீர் வடிந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்கும் சிறு கொப்புளங்கள் கொத்துக் கொத்தாக வந்து காய்ச்சலும் அடித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அம்மை என்று வேப்பிலை செருகி வீட்டில் படுக்கவைத்துவிடாதீர்கள். எக்ஸிமா தோலில் ஹெர்பெஸ் கிருமி பரவினால் இப்படித்தான் இருக்கும், அது ஆபத்து.

ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறவர்களோடு வாதாடி நான் ஜெயித்ததில்லை. ஆனால் மாலைக் குளியலையும் கிரீம் பூசுவதையும் அம்மா பொறுப்பில் விட்டேன். கைக்கு வேலை வந்ததும் வாய் கொஞ்சம் ஓய்ந்தது. இப்போது அவனே பூசிக்கொள்கிறான், முதுகுக்கு மட்டும் பாட்டியைக் கூப்பிடுகிறான். கத்தரிக்காய்க் குழம்பு வைக்கும் நாளில் மட்டும் அம்மா இன்னமும் என்னை ஒரு பார்வை பார்ப்பார்.