யூத ஜெப ஆலயச் சபையில் மக்கள் ஒருவருக்கொருவர் எவ்வாறு துணை நிற்கிறார்கள்?

யூத சபை ஒன்றில் கருணையும் கூட்டு வாழ்வும் நடைமுறையில் எப்படி இருக்கும், வெளியாள் ஒருவர் நேரில் கண்டதைச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், யூதர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஸ்குவிரல் ஹில் பகுதியில் நான் ஒன்பது ஆண்டுகள் வாடகைக்குக் குடியிருந்தேன். நான் யூதன் அல்லன், எபிரேயமும் அறியேன். ஆனால், நான் இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் வசித்த உரிமையாளர்களான முதிய தம்பதியர், அருகிலிருந்த ஒரு ஜெப ஆலயத்தின் சபையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உறுப்பினர்களாக இருந்தவர்கள். அவர்கள் வழியாக நான் கண்டதையும், அதன் காரணத்தை அறிய விரும்பிப் பின்னர் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். நான் புரிந்துகொண்டது இதுதான்: அங்கே கருணை என்பது மனம் இளகும்போது செய்யும் செயலாக விடப்படவில்லை. யார், எப்போது, எத்தனை பேர், எவ்விதம் வரவேண்டும் என்பது முன்பே வகுக்கப்பட்டிருக்கிறது. அதனால் துன்பத்தில் இருப்பவர் வாய் திறந்து உதவி கேட்க வேண்டிய நிலை பெரும்பாலும் வருவதில்லை.

2016 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு இரவு அந்த வீட்டுப் பெரியவர் காலமானார். செவ்வாய்க்கிழமை அடக்கம் நடந்தது. கல்லறையிலிருந்து குடும்பத்தினர் திரும்பி வருவதற்குள் சபையைச் சேர்ந்த நான்கு பேர் வீட்டிற்குள் வந்து, கண்ணாடிகளைத் துணியால் மூடி, உயரம் குறைந்த நாற்காலிகளைக் கூடத்தில் இட்டு, வாசலில் கை கழுவ நீரும் வைத்துவிட்டிருந்தார்கள். மேசையில் அவித்த முட்டையும் பருப்பும் ரொட்டியும் இருந்தன. அடக்கத்திற்குப் பின் துக்கத்தில் இருப்பவர் உண்ணும் முதல் உணவு அவருடைய சொந்த உணவாக இருக்கக்கூடாது, அயலார் கொண்டுவந்ததாகவே இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஊரிலும் துக்க வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். பங்காளி வீட்டிலிருந்தோ சம்பந்தி வீட்டிலிருந்தோ சாப்பாடு வரும். ஆனால் அது உறவின் கடமை. இங்கே கொண்டுவந்தவர்களில் ஒருவர்கூட உறவினர் அல்லர் என்பது என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது.

அடுத்த ஏழு நாட்களுக்கு 'ஷிவா' என்று பெயர். எபிரேயத்தில் ஏழு என்பதே அதன் பொருள். அந்த நாட்களில் வாசற்கதவு பூட்டப்படவில்லை. வருகிறவர் அழைப்புமணியை அழுத்தாமல் உள்ளே வந்து அமர்ந்துவிடுவார். ஏனெனில் துக்கத்தில் இருப்பவர் எழுந்து வந்து கதவைத் திறந்து உபசரிக்க வேண்டியவர் அல்லர். நான் முதல் நாள் உள்ளே நுழைந்தபோது, வாசலில் நின்றிருந்த ஒருவர், "அந்த அம்மா பேசும்வரை நீங்கள் பேச்சைத் தொடங்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்" என்று மெல்லச் சொன்னார். பெருந்துன்பத்திற்கு ஆளான யோபு என்பவனின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் அமர்ந்து, அவனுடைய துயரம் பெரிதென்று கண்டு ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள் என்று யூத வேதத்தில் வருவதை ஒட்டிய வழக்கம் அது. ஆறுதல் சொல்லத் தெரியாமல் தவிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்த விதி எவ்வளவு பெரிய துணை என்பதை அங்கே அமர்ந்திருந்த அந்த அரைமணி நேரத்தில் உணர்ந்தேன்.

மாலை வேளைகளில் வீட்டிலேயே வழிபாடு நடந்தது. அதற்குக் குறைந்தது பத்து பேர் கூட வேண்டும். அந்தப் பத்துப் பேர் கூட்டத்தை 'மின்யான்' என்கிறார்கள். பத்து பேர் இல்லாவிட்டால், இறந்தவருக்காகச் சொல்லும் 'கதீஷ்' என்னும் பிரார்த்தனையைச் சொல்ல முடியாது. அந்தப் பிரார்த்தனையில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இறைவனின் பெயர் பெரிதாகவும் புனிதமாகவும் விளங்கட்டும் என்ற துதிதான் முழுவதும் வருகிறது. இடையிடையே கூடியிருப்பவர்கள் 'ஆமென்' என்று பதில் சொல்ல வேண்டும். துக்கத்தில் இருப்பவர் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்யக்கூடிய காரியமாக அதை முன்னோர்கள் வைக்கவில்லை. அவர் பிறரைத் தேடி வரவேண்டும், அல்லது பிறர் அவரைத் தேடி வரவேண்டும்.

மூன்றாம் நாள் மாலை கடும் பனி பெய்தது. ஏழு மணிக்கு ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். நானும் அறையில் இருந்தேன். ஆனால் யூதன் அல்லாத என்னைக் கணக்கில் சேர்க்க இயலாது. ஒருவர் தொலைபேசியில் யாருக்கோ சொன்னார். பத்து நிமிடத்தில், தெருக்கோடியில் குடியிருந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர் முழங்கால்வரை பனி ஒட்டிய காலணிகளோடு வந்து நின்றார். அவர் இறந்தவரோடு அதிகம் பழகியவர் அல்லர் என்று பின்னர் அறிந்தேன். அவரிடம் எவரும் நன்றி சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. பிரார்த்தனைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள், வழிபாடு தொடங்கியது.

ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். அந்தச் சபை, மரபைக் காத்தபடியே சில மாற்றங்களை ஏற்கும் கன்சர்வேட்டிவ் என்னும் யூதப் பிரிவைச் சேர்ந்தது. பெண்களையும் மின்யானில் எண்ணலாம் என்று அப்பிரிவின் சட்டக்குழு 1973-இல் முடிவு செய்தது. ஆகவே அந்த அம்மையாரே எழுந்து கணவருக்காகக் கதீஷ் சொன்னார். மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவில் பதின்மூன்று வயது நிறைந்த ஆண்கள் மட்டுமே எண்ணப்படுவார்கள். அவர்களுடைய காரணங்களை மரியாதையோடு கேட்டிருக்கிறேன். என்றாலும் அந்த அம்மையாரின் குரலைக் கேட்டவன் என்ற முறையில், துயரத்தின் நடுவே இருக்கும் பெண் அந்த எண்ணிக்கைக்கு வெளியே நிற்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டி ஆடை உடுத்தும் பணியை 'ஹெவ்ரா கதிஷா' என்னும் புனிதக் குழுவினர் செய்கிறார்கள். பெரும்பாலும் சபையைச் சேர்ந்த தன்னார்வலர்களே அக்குழுவில் இருப்பார்கள். ஆண்களின் உடலுக்கு ஆண்களும் பெண்களின் உடலுக்குப் பெண்களும் இதைச் செய்வார்கள். எனக்கு அறிமுகமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அக்குழுவில் இருந்தார். உடலின் ஒரு பகுதியைக் கழுவும்போது மற்ற பகுதிகளை மூடியே வைத்திருப்பதையும், எல்லாம் முடிந்தபின், தம்மை அறியாமல் மரியாதைக் குறைவாக ஏதேனும் நடந்திருந்தால் பொறுத்தருளுமாறு இறந்தவரின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதையும் அவர் எனக்கு விளக்கினார். இதை 'உண்மையான கருணை' என்று அவர்கள் அழைப்பதற்குக் காரணம், பெற்றுக்கொள்பவரால் இதற்கு ஒருபோதும் கைம்மாறு செய்ய முடியாது என்பதே.

உடுத்துவது சட்டைப்பை இல்லாத எளிய வெள்ளைத் துணி. செல்வருக்கும் ஏழைக்கும் ஒன்றுதான். இதன் பின்னே, யூதச் சட்டங்களையும் அறிஞர்களின் விவாதங்களையும் தொகுத்த பழைய நூலான தால்முத் சொல்லும் வரலாறு ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் அடக்கச் செலவு சாவைவிடக் கொடியதாகிப்போனதால், சிலர் உடலைப் போட்டுவிட்டு ஓடிப்போனார்களாம். சமூகத் தலைவராயிருந்த ரப்பான் கமாலியேல், தம்மை எளிய லினன் துணியில் அடக்கம் செய்யும்படி சொல்லிச் சென்றார். அதன்பின் எல்லாரும் அவ்வழியையே பின்பற்றினார்கள். துக்க வீட்டிற்கு உணவு கொண்டுசெல்வதிலும் இப்படியே நடந்திருக்கிறது. செல்வர் வீட்டிற்கு வெள்ளி, பொன் கூடைகளிலும், ஏழை வீட்டிற்கு பட்டை உரித்த மரக்குச்சிகளால் முடைந்த கூடைகளிலும் கொண்டுபோன வழக்கத்தால் ஏழைகள் வெட்கப்பட்டார்கள். ஆகவே எல்லா வீட்டிற்கும் முடைந்த கூடையிலேயே கொண்டுபோக வேண்டும் என்று விதித்தார்கள். செல்வர் வீட்டுக் கூடையைத் தாழ்த்தி ஏழையின் மானத்தைக் காத்த இந்த ஏற்பாட்டை நான் படித்த நாள் முதல் மறக்கவில்லை. ஏழைக்கும் பொன் கூடை கொடுப்போம் என்று அவர்கள் முயன்றிருந்தால், அது ஒரு தலைமுறைகூட நிலைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு அந்த அம்மையாருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் வீடு திரும்பிய நாளிலிருந்து மூன்று வாரங்களுக்கு எந்த நாள் யார் உணவு கொண்டுவருவது, யார் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது என்ற பட்டியல் சபையில் தயாராகியிருந்தது. புதன்கிழமைகளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். யூத உணவு விதிகளை என் சமையலறையில் காக்க முடியாது என்பதால், பழங்களை வாங்கிக் கொடுத்துவிட்டு அவரோடு பேசிக்கொண்டிருப்பதே என் பங்காயிற்று. சபை வழிபாட்டில் நோயுற்றோருக்கான பிரார்த்தனையில் அவருடைய பெயரை வாசித்தார்கள். அப்போது தந்தையின் பெயரைச் சொல்லாமல் தாயின் பெயரைச் சேர்த்து, இன்னாளின் மகள் என்று வாசிப்பது வழக்கம்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர் நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துச் செல்கிறார் என்கிறது தால்முத். பகலின் முதல் மூன்று மணி நேரத்திலும் கடைசி மூன்று மணி நேரத்திலும் போகக்கூடாது என்றும் சொல்கிறது. காலையில் நோயாளி சற்றுத் தெளிவாக இருப்பதால் வந்தவர் நோயைப் பெரிதாக எண்ணாமல் விட்டுவிடலாம். மாலையில் நோய் ஓங்கியிருப்பதால் நம்பிக்கை இழக்கலாம். பழங்கால யூத அறிஞரான ரபி அகிவா, எவரும் எட்டிப்பாராத தம் மாணவர் ஒருவரைப் பார்க்கச் சென்ற கதையும் அங்கேயே வருகிறது. அவர் சென்றதால் அறையைப் பெருக்கி நீர் தெளித்தார்கள், மாணவர் பிழைத்துக்கொண்டார். தரையைப் பெருக்கியதும் அக்கதையில் இடம்பெற்றிருப்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

பணம் கொடுப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அவர்கள் தருமத்திற்கு வழங்கும் 'செதாகா' என்ற சொல் நீதி என்னும் வேரிலிருந்து வந்தது. ஏழைக்குக் கொடுப்பது அவருக்குரியதைக் கொடுப்பதே என்ற எண்ணம் அதில் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடீஸ் அதை எட்டுப் படிகளாக வகுத்தார். மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. கடனோ கூட்டுத்தொழிலோ வேலையோ தந்து ஒருவர் இனிக் கைநீட்டத் தேவையில்லாதபடி செய்வது முதற்படி. நியூயார்க்கில் 1892-இல் தொடங்கி இன்றும் வட்டியில்லாக் கடன் வழங்கும் யூதச் சங்கம் இந்த எண்ணத்தின் வழியே வந்தது. அந்த அம்மையார் வெள்ளிக்கிழமை மாலை தொடங்கும் ஓய்வுநாளுக்காக விளக்கு ஏற்றுவதற்கு முன் தகர உண்டியலில் சில காசுகளைப் போடுவார். தருமம் பெற்று வாழ்பவரும் தமக்குக் கிடைத்ததிலிருந்து தருமம் செய்ய வேண்டும் என்பது விதி என்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

2018 அக்டோபர் 27, சனிக்கிழமை காலை, எங்கள் பகுதியிலிருந்த 'ட்ரீ ஆஃப் லைஃப்' ஜெப ஆலயத்திற்குள் துப்பாக்கியோடு நுழைந்த ஒருவன் பதினொரு பேரைக் கொன்றான். அந்தக் கட்டடத்தில் மூன்று சபைகள் வழிபட்டு வந்தன; கொல்லப்பட்டவர்கள் மூன்றையும் சேர்ந்தவர்கள். அவர்களில் மூத்தவருக்கு வயது 97. வளர்ச்சிக் குறைபாடு உடைய சகோதரர்கள் இருவரும் அவர்களில் இருந்தார்கள். வழிபாட்டுக்கு வருகிறவர்களை வரவேற்பவர்களாக அவர்களைச் சபை முழுவதும் அறிந்திருந்தது. அவர்களை ஓர் ஓரத்தில் அமர்த்தி இரக்கப்படாமல், பொறுப்புள்ளவர்களாக நடத்திய சபை அது. அன்றிரவு ஃபோர்ப்ஸ், மரே சாலைகள் சந்திக்கும் முனையில் பள்ளி மாணவர்கள் ஏற்பாடு செய்த அஞ்சலிக் கூட்டத்தில் நானும் அந்த அம்மையாரின் கையைப் பிடித்தபடி நின்றேன்.

கொலையாளியும் காயமடைந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டான். அங்கே அவனைக் கவனித்தவர்களில் யூதர்களும் இருந்தனர். ட்ரீ ஆஃப் லைஃப் சபையின் உறுப்பினரான அம்மருத்துவமனைத் தலைவர் நேரில் சென்று, அவனுக்கு வலி இருக்கிறதா என்று விசாரித்தார். இஸ்லாமியர்கள் தொடங்கிய நிதிக்கு 2,00,000 டாலருக்கு மேல் சேர்ந்து, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குச் சென்றது. அடுத்த மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டபோது, பிட்ஸ்பர்க் யூதர்கள் அவர்களுக்காக நிதி திரட்டினார்கள்.

குறைகளும் உண்டு. உறுப்பினர் சந்தா சிறிய தொகையன்று. குறைத்துத் தருவதாகச் சபைகள் சொன்னாலும், அப்படிக் கேட்பதே பலருக்குக் கூச்சமாக இருக்கிறது. முடைந்த கூடையின் கதையை அறிந்தவர்கள் இதைச் சரிசெய்தாக வேண்டும் என்பது என் கருத்து. எந்தச் சபையிலும் சேராமல் தனியே வாழும் முதியவர்களை இந்தப் பட்டியல்கள் எளிதில் எட்டுவதில்லை. உணவு கொண்டுவருகிறவர்களின் பெயர்களும் ஆண்டுக்கு ஆண்டு அதே பெயர்களாகவே இருந்தன. அவர்கள் களைத்துப்போவதையும் கண்டிருக்கிறேன்.

நான் அந்நகரை விட்டு வந்தபின், அந்த அம்மையார் வேறு மாநிலத்தில் இருக்கும் மகளோடு வசிக்கச் சென்றுவிட்டார். சென்ற பிப்ரவரியில் வேலை காரணமாகப் பிட்ஸ்பர்க் சென்றிருந்தபோது, ஓய்வுநாள் வழிபாட்டில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். அவ்வாரம் நினைவு நாள் வரும் இறந்தோரின் பெயர்களை வாசித்தார்கள். வீட்டுப் பெரியவரின் பெயரும் வந்தது. அவருடைய குடும்பத்தினர் எவரும் அங்கே இல்லை. கதீஷ் சொல்பவர்கள் எழுந்து நின்றபோது, அந்தப் பனி இரவில் பத்தாவது ஆளாக வந்த தெருக்கோடி வீட்டுக்காரரும் எழுந்து நின்றார்.