கடலுக்கு அன்னபேதி இட்டால் காசாகுமா?

கேள்வி: கடலுக்கு உரமிட்டுக் காலநிலை மாற்றத்தைத் தணிக்கும் திட்டத்தில் உண்மையான பொருளாதார வாய்ப்பு இருக்கிறதா?

கடலில் இரும்பு இட்டால் பாசி வளரும், அது கரியமில வாயுவை உறிஞ்சி, மடிந்து ஆழத்துக்கு மூழ்கும் என்பதே இந்தத் திட்டம். வாய்ப்பு இருக்கிறது என்பவர்கள் இரும்பின் விலையை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். எனக்கோ, மூழ்கிய கார்பனை அளப்பதற்கு ஆகும் செலவுதான் முதலில் கண்ணில் படுகிறது. காடு வளர்ப்புத் திட்டங்களின் கார்பன் கிரெடிட் (காற்றிலிருந்து நீக்கிய கரியமில வாயுவுக்கு டன் கணக்கில் விற்கும் சான்று) கணக்கைச் சரிபார்ப்பது என் தொழில் என்பதால், இந்தப் பதில் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்கடலில் நைட்ரேட்டுக்கும் பாஸ்பேட்டுக்கும் குறைவில்லை, இரும்புதான் இல்லை. மேல்மட்டத்தில் பத்து லட்சம் கன மீட்டர் நீரை எடுத்து வடித்தாலும் கரைந்த இரும்பு ஐம்பது கிராம் தேறாது. அரை டேங்கர் இரும்பு கொடுங்கள், ஒரு பனி யுகத்தையே தருகிறேன் என்று அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டின் 1988இல் பாதி விளையாட்டாகச் சொன்னது இதை வைத்துத்தான். அவர் 1993இல் மறைந்தார். கலாபகஸ் தீவுகளுக்கு அருகே முதல் சோதனை அதே ஆண்டில் நடந்தது. அதன்பின் பல கடல்களில் பத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்திருக்கின்றன.

இந்தச் சோதனைகளில் பெரும்பாலும் கொட்டப்பட்டது பெரஸ் சல்பேட், அதாவது நம் உரக்கடைகளில் கிடைக்கும் அன்னபேதி. நிலக்கடலையின் இளம் இலை, நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற இடமெல்லாம் வெளுக்கும்போது கரைத்துத் தெளிக்கிறோமே, அதே உப்புதான். மூட்டையை அவிழ்த்து ஈரக்காற்றில் வைத்தால், வெளிர்பச்சைப் படிகங்கள் சில நாட்களில் துருநிறமாகிவிடும். கடல்நீரிலும் இதே ஆக்சிஜனேற்றம், இன்னும் வேகமாக நடக்கிறது. துருவாக மாறிய இரும்பு துகளாகத் திரண்டு, பாசிக்குப் பயன்படாமலே கீழே போய்விடுகிறது. அமிலம் கலந்த நீரில் கரைத்து ஊற்றிய பிறகும், பல சோதனைகளில் கப்பல்கள் திரும்பத் திரும்ப வந்து உரமிட வேண்டியிருந்தது இதனால்தான்.

காகிதக் கணக்கு ஆளை மயக்கக்கூடியது. உகந்த நிலையில் பாசியின் உடலில் ஓர் இரும்பு அணுவுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கார்பன் அணுக்கள் சேரலாம் என்று கொண்டால், ஒரு டன் இரும்பு இருபதாயிரம் டன் கார்பனை, அதாவது எழுபதாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டும். ஒரு டன் இரும்புக்கு ஐந்து டன் அன்னபேதி போதும். வெள்ளைப் பெயின்ட்டுக்கு டைட்டானியம் டை ஆக்சைடு தயாரிக்கும் ஆலைகளில் இது கழிவாகவே வெளியேறுகிறது. பிடித்த கரியமில வாயுவுக்கு டன்னுக்குச் சில டாலர் கிடைத்தாலே கொள்ளை லாபம் என்று தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் பாசி வளர்வது வேறு, கார்பன் ஆழத்துக்குப் போவது வேறு. தென்கடலில் 2004இல் நடந்த ஐஃபெக்ஸ் சோதனையில், சிலிக்கா ஓடுடைய டயாட்டம் பாசிகள் செழித்து, அந்த உயிர்த்திரளில் பாதியாவது ஆயிரம் மீட்டருக்குக் கீழே இறங்கியதாக 2012இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து 2009இல் நடத்திய லோஹாஃபெக்ஸின் கதை நேர்மாறானது. கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் போலார்ஸ்டெர்ன் கப்பலில் சென்று, முந்நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு இட்டன. பாசி வளரத்தான் செய்தது. ஆனால் அந்த நீரில் சிலிக்கா குறைந்திருந்ததால் டயாட்டம் எழவில்லை. வளர்ந்த மென்பாசிகளைச் சிறு ஓட்டுடலிகள் மேய்ந்து தீர்த்துவிட, ஆழத்துக்குச் சென்ற கார்பன் மிகச் சொற்பம். ஒரே கடல், ஒரே உரம். ஒரு முறை விளைச்சல், மறுமுறை பதர்.

என் தொழிலில், மரத்தின் மார்பளவு உயரத்தில் நாடாவைச் சுற்றிச் சுற்றளவு எடுப்போம். ஐந்து ஆண்டு கழித்துப் போனாலும் அந்த மரம் அங்கேயே நிற்கும், அல்லது வெட்டிய அடிமரமாவது இருக்கும். கடலில் உரமிட்ட திட்டோ சில வாரங்களில் நீண்டு, கிழிந்து, சுற்றியுள்ள நீரோடு கலந்துவிடுகிறது. பாசி உறிஞ்சியதால் நீரில் குறைந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து வந்து நிரப்ப மாதக்கணக்கில் ஆகும். அங்கே தீர்ந்துபோன நைட்ரேட், பின்னாளில் வெப்பக் கடல்களின் மீன்வளத்துக்குப் போயிருக்க வேண்டியது என்றால், அந்த இழப்பையும் கழிக்க வேண்டும். மட்கும் பாசியிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு எழுந்தால், அதில் ஒரு டன், கரியமில வாயுவில் ஏறத்தாழ 270 டன்னுக்குச் சமம். இவை அத்தனையையும் கழித்து மிஞ்சுவதுதான் விற்கத்தக்க சரக்கு. அதைக் கண்ணால் பார்த்தவர் எவருமில்லை, கணினி மாதிரிகள்தான் சொல்ல வேண்டும்.

உண்மையான பணம் இதில் இறங்கிய இடமும் ஒன்று உண்டு. கனடாவின் ஹைடா குவாய் தீவுகளிலுள்ள ஓல்ட் மாசெட் என்னும் பழங்குடி ஊரின் ஆதரவோடு, 2012இல் சுமார் நூறு டன் இரும்புச் சேர்மத்தைப் பசிபிக்கில் கொட்டினார்கள். ஊர் இதற்காக 25 லட்சம் டாலர் ஒதுக்கியது. சால்மன் மீன் பெருகும், கார்பன் கிரெடிட்டும் விற்கலாம் என்பவை அவர்களின் இரட்டை நம்பிக்கைகள். அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளின் கசாடோச்சி எரிமலை 2008இல் வெடித்து, இரும்பு கலந்த சாம்பலைக் கடலில் தூவியதும், 2010இல் பிரேசர் ஆற்றுக்குச் சாக்கி சால்மன் கோடிக்கணக்கில் திரும்பியதும் அந்த நம்பிக்கைக்குத் தூண்டுதல். சாம்பலால்தான் மீன் வந்தது என்பதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. கிரெடிட் விற்பனை நடக்கவேயில்லை. ஏழை மீனவ ஊர் ஒன்று தன் சேமிப்பை வைத்துச் சூதாடியதாக ஏசியவர்கள் பலர். மீன் குறைந்து வாடிய ஊர் வேறு எதை வைத்து முயலும் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

சட்டமும் விற்பனைக்குக் குறுக்கே நிற்கிறது. கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் லண்டன் உடன்படிக்கையின் நாடுகள் 2008இல், முறையான ஆராய்ச்சி தவிர்த்த கடல் உரமிடலை அனுமதிக்கக் கூடாது என்று தீர்மானித்தன. செலவு மதிப்பீடுகளோ ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் நிற்கின்றன: அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2021 அறிக்கை, நீக்கும் கரியமில வாயு டன்னுக்கு 50 டாலருக்கும் குறைவாக முடியலாம் என்றது, 2013இல் வந்த ஓர் ஆய்வு, கப்பல் வழி உரமிடலின் இழப்புகளையெல்லாம் கழித்துச் சராசரி 450 டாலருக்கு மேல் என்றது. இத்தனை விரிந்த இடைவெளியில் ஒரு முதலீட்டாளருக்கு நான் கையெழுத்திட்டுத் தர மாட்டேன்.

ஆராய்ச்சிக்குப் பணம் போடுங்கள் என்றால் தயங்காமல் ஆதரிப்பேன். ஒரு திட்டில் இரும்பு இட்டுவிட்டு, கீழே விழுவதைப் பிடிக்கும் பொறிகளையும் மிதவைகளையும் ஓராண்டுக்கு மேல் கடலில் விட்டுவைக்கும் அளவுக்கு நிதி வேண்டும். லோஹாஃபெக்ஸ் போன்ற பயணங்கள் சில வாரங்களில் திரும்ப வேண்டியிருந்தன.