படம் சுவரில் இருந்தால் போதாது, கைக்கு வர வேண்டும்

கேள்வி: நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பு மாணவன் ஒருவனுக்குக் கணக்கு நன்றாகவே வரும். ஆனால் கொடுத்த வேலையை முடிப்பதில்லை. நோட்டை எடுப்பான், தேதி எழுதுவான், அப்படியே உட்கார்ந்துவிடுவான். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னால் செய்கிறான். அடுத்தடுத்து என்ன என்பதைப் படங்களால் காட்டும் பட அட்டவணை உதவும் என்றார்கள். வண்ணப் படங்களோடு சுவரில் ஒட்டினேன். சில நாள் பார்த்தான், இப்போது திரும்புவதே இல்லை. அவனுக்கு மட்டும் தனியாக வைத்தால் அதையே நம்பியிருக்கப் பழகிவிடுவானோ என்றும் தயக்கம்.

பதில்: பக்கத்தில் நின்று சொன்னால் செய்கிறான் என்கிறீர்கள். அப்படியென்றால் அடுத்தது என்ன என்பதைத் தானே மனதில் வைத்துக்கொண்டு நகர்வதில்தான் அவனுக்குச் சிரமம் இருக்க வேண்டும். ‘நோட்டை எடு, பக்கத்தைத் திற, முதல் ஐந்து கணக்கைப் போடு, சரிபார், மேசையில் வை’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். பெரியவர்களாலேயே ஒரே நேரத்தில் நான்கைந்து விஷயங்களுக்கு மேல் மனதில் நிறுத்த முடிவதில்லை. சொன்ன சொல் அந்த நொடியே போய்விடும். படம் அங்கேயே இருக்கும், எத்தனை முறை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

சுவர் அட்டவணை பொதுவாக அடுத்த பாடவேளை எது என்று சொல்லும். இந்தக் கணக்கில் இப்போது எந்தப் படியில் இருக்கிறோம் என்று சொல்லாது. 1972-ல் தொடங்கிய, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் திட்டமான ‘டீச்’ (TEACCH), ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக ஒரு வேலைமுறையை வளர்த்தெடுத்தது. என்ன வேலை, எவ்வளவு, முடிந்தது என்று எப்படித் தெரியும், அடுத்து என்ன ஆகிய நான்குக்கும் பிள்ளை பார்த்தே விடை தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளுக்கும் இது தாராளமாகப் பொருந்தும்.

ஸ்கேல் நீளத்துக்கு ஒரு அட்டைப் பட்டை வெட்டுங்கள். வெல்க்ரோ வைத்து நான்கே படங்களை ஒட்டுங்கள்: திறந்த நோட்டு, ஐந்து கட்டங்கள், சரிபார்க்கும் குறி, முடித்தபின் அவன் செய்யப்போவது. வலது ஓரத்தில் ‘முடிந்தது’ என்று ஒரு சிறு உறை. ஒரு படி முடிந்ததும் அவனே படத்தை உரித்து உறையில் போட வேண்டும். அந்தக் கை அசைவை விட்டுவிடாதீர்கள், அடுத்த படத்துக்கு அவன் கண்ணைக் கொண்டுபோவது அதுதான். சிரிக்கும் கார்ட்டூன் வேண்டாம், அவனுடைய நோட்டையே போட்டோ எடுத்து ஒட்டுங்கள். அலங்காரம் கூடக்கூட எதைப் பார்ப்பது என்று தெரியாமல் போகும்.

பழக்குவதற்கு அவன் ஏற்கெனவே சுலபமாகச் செய்யும் வேலையில் தொடங்குங்கள். பின்னால் நின்று, பேசாமல், படத்தை மட்டும் விரலால் காட்டுங்கள். மனதுக்குள் பத்து எண்ணும்வரை பொறுங்கள். ‘படத்தைப் பார், படத்தைப் பார்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவன் காத்திருப்பது மறுபடி உங்கள் குரலுக்குத்தான். நல்ல ஆசிரியர்கள்கூட இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

ஐந்து கட்டம் என்றால் ஐந்தே கணக்கு. சீக்கிரம் முடித்துவிட்டானே என்று இன்னும் இரண்டைக் கொடுத்தால், அடுத்த முறை அவன் அந்தப் பட்டையை நம்ப மாட்டான். சீக்கிரம் முடித்தால் வேலை கூடும் என்றும் கற்றுக்கொள்வான். கடைசிப் படம் மிரட்டலாகவும் இருக்கக் கூடாது. படம் வரைவதோ தண்ணீர் குடித்துவிட்டு வருவதோ, அவனுக்குப் பிடித்த சின்ன விஷயம் போதும்.

உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். இப்போது அவன் நம்பியிருப்பது உங்களை. அது பட்டைக்கு மாறுவதே பெரிய முன்னேற்றம், ஏனென்றால் அதை அவன் தானே எடுத்துச் செல்லலாம். அதனால் முதலில் குறைக்க வேண்டியது உங்கள் பேச்சு, அடுத்தது விரல். பட்டைக்கு அவசரமே இல்லை. பழகப் பழக இரண்டு படிகளை ஒரே படமாக்கலாம், பிறகு எழுத்துப் பட்டியலாக்கலாம். நன்றாகச் செய்கிறானே என்று திடீரென எடுத்துவிடாதீர்கள். தண்டனையாக எடுப்பது கூடவே கூடாது. அவன் மட்டும் தனித்துத் தெரிவான் என்று தோன்றினால், கேட்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒன்று கொடுங்கள்.

இரண்டு வாரம், ஒவ்வொரு வேலையின்போதும் எத்தனை முறை வாய்விட்டுச் சொன்னீர்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு வாருங்கள். கோடுகள் குறையவில்லையென்றால் பட்டையை ‘முதலில்’, ‘பிறகு’ என்ற இரண்டே படங்களாகச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் தேதியோடு நின்றுவிட்டால், எழுதுவதே அவனுக்குக் கடினமாக இருக்கிறதா, கரும்பலகை சரியாகத் தெரிகிறதா என்று பெற்றோரோடு பேசிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.