அம்பாசடர் பம்பரின் குரோமுக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிக்க முடியுமா?

1970களின் அம்பாசடர் ஒன்றில் பம்பரும் ஹெட்லைட் வளையங்களும் துருவேறிக் குரோம் உரிந்து வருவதாகவும், மறுபடி முலாம் பூசுவதற்குப் பதிலாக வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அடிக்கலாம். ஆனால் பளபளப்பு இருக்கும்வரை குரோமில் பெயின்ட் நிற்காது. அந்தப் பளபளப்பைத் தேய்த்து எடுத்து, உறுதியான பரப்பை வரவழைத்த பிறகே நிறத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நான் செங்கோட்டைக்காரன். என் அப்பா புனலூருக்கும் தென்காசிக்கும் வாடகைக்கு ஓட்டிய 1978ஆம் ஆண்டு மார்க் 3 அம்பாசடர் இன்றும் எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில்தான் நிற்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விட்டுவிட்டுப் பெய்யும் சாரலும் எங்களுக்குக் குளிர்ச்சியாக இருந்தாலும், பழைய வண்டியின் இரும்புக்கு அவை நல்லதல்ல. அதன் பின்பம்பரை முதல்முறை நான் ஒரு ஜூலை மாதத்தில், கழற்றாமலேயே, மேலோட்டமாகத் தேய்த்து ஸ்ப்ரே டின்னால் அடித்தேன். பொங்கலுக்குள் அது வெங்காயத் தோலைப் போல உரிந்துவிட்டது. அப்பாவின் வண்டி என்பதால் அது என்னை மிகவும் வருத்தியது. அதன் பிறகுதான் காரணத்தைத் தேடிப் படித்தேன்.

நாம் குரோம் என்று சொல்லும் பூச்சில் குரோமியம் பெரும்பாலும் அரை மைக்ரான்கூட இருப்பதில்லை. அதன் கீழே பத்து மடங்குக்கும் மேல் தடிமனான நிக்கல் படலமும், சில பாகங்களில் அதற்கும் கீழே செம்பும் இருக்கும். குரோமியத்தின் மேல் தானாகவே உருவாகும் மெல்லிய ஆக்சைடுப் படலம் எதனோடும் எளிதில் வினைபுரியாது என்பதால்தான் அது மங்காமல் இருக்கிறது. அதே காரணத்தால் பெயின்டும் அதைப் பற்றிக்கொள்வதில்லை. பூச்சில் ஊசிமுனையளவு துளை விழுந்து ஈரம் உள்ளே போனால், நிக்கலைவிட இரும்பு எளிதில் அரிக்கப்படுவதால், துரு பூச்சுக்கு அடியிலேயே பக்கவாட்டில் பரவுகிறது. வெளியே ஒரு புள்ளியாகத் தெரிவது உள்ளே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பிடிப்பிழந்திருக்கலாம்.

ஆகவே முதலில் எதற்குப் பெயின்ட் தேவையில்லை என்று பாருங்கள். அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் மேலோட்டமான துருப்புள்ளிகள் போய்விடும். அலுமினியம் குரோமியத்தைவிட மிகவும் மென்மையானது என்பதால் கீறல் விழாது. அப்படித் தேய்த்து மெழுகு பூசினாலே போதும் என்ற நிலையில் இருக்கும் பாகத்தின் மேல் பெயின்ட் அடிப்பதை நான் தவறென்றே கருதுகிறேன். மீதமுள்ளவற்றைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பலமாக ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் எடை குறைவாக இருந்தால் அலுமினியமாகவும், கனமாக இருந்தால் துத்தநாக வார்ப்பாகவும் இருக்க வாய்ப்புண்டு. பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியை இரும்புக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். காஸ்டிக் சோடா அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரித்துவிடும். குரோமைக் கரைக்க அமிலத் தொட்டியோ மின்பகுப்போ வீட்டில் வேண்டவே வேண்டாம். குரோமியம் மின்பகுப்பில் நச்சுத்தன்மை மிகுந்த சேர்மமாக மாறக்கூடும்.

கழுவும் வேலையில் அவசரப்படாதீர்கள். சோப்பு நீரில் கழுவிய பின், பழைய மெழுகும் எண்ணெயும் போக, பெயின்ட் கடைகளில் கிடைக்கும் எண்ணெய் நீக்கியால் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் தானே ஒரு படலத்தை விட்டுச் செல்வதால் கடைசித் துடைப்புக்கு அது ஆகாது. எங்கள் தெருவில் நெடுங்காலம் டிங்கரிங் பட்டறை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், "தண்ணிய ஊத்திப் பாரு தம்பி, முத்து முத்தா நின்னா இன்னும் எண்ணெ இருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லிக் கொடுத்தார். தண்ணீர் முழுப்பரப்பிலும் ஒரே படலமாகப் பரவும்வரை நான் அடுத்த வேலைக்குப் போவதில்லை.

பிறகு 180 எண் வாட்டர் பேப்பரில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக்கூட நைசாக இருக்கும்) தொடங்கி 320 வரை, தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். நிக்கல் தூசி தோலுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல் என்பதால் உலரத் தேய்க்காதீர்கள். கையுறையும் முகமூடியும் அவசியம். உரிந்த இடத்தின் விளிம்பைப் பிளேடால் நெம்பினால் எவ்வளவு தூரம் எழும்புகிறதோ அவ்வளவையும் எடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவும்போது படி தட்டுப்படாத அளவுக்கு விளிம்பைச் சரித்துத் தேய்க்க வேண்டும். என் பம்பர் ஒன்றுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. துத்தநாக வார்ப்பில் கொப்புளம் இருந்தால், அது உள்ளிருந்து அரித்து வந்தது என்பதால், குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் மேலே தேய்ப்பதில் பயனில்லை.

நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரில், இரண்டு பகுதிகளைக் கலக்கும் எபாக்ஸியையே நான் நம்புகிறேன். அமிலம் கலந்த எட்ச் பிரைமர் வெறும் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நல்லது. எஞ்சியிருக்கும் குரோமின் மேல் அந்த அமிலத்துக்கு வேலை இல்லை. குழிகளுக்குப் பட்டி தேவையென்றால் அதை எபாக்ஸியின் மேல் பூசி, உலரவிட்டுத் தேய்க்க வேண்டும். பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் வெறும் இரும்பின் மேல் அதை நேராகப் பூசக் கூடாது. அதன் மேல் நுண்ணிய கீறல்களை நிரப்பும் சர்ஃபேசர் பூச்சு, 600 எண் தாளில் தேய்ப்பு, பிறகு மெல்லிய கோட்டுகளாக நிறம்.

நாளைத் தேர்ந்தெடுப்பது நம் பக்கத்தில் மிக முக்கியம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, பெயின்ட் வெளுத்துப் பூத்துவிடும். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டும் நாளில் அடிக்கக் கூடாது. நான் இரண்டாம் முறை மார்ச் மாதத்தில், காலை பத்து மணிக்குமேல், பாகங்களைச் சற்று நேரம் வெயிலில் வைத்து எடுத்து, நிழலில் அடித்தேன்.

நிறத்தைப் பொறுத்தவரை, 'குரோம்' என்று எழுதி விற்கும் ஸ்ப்ரே டின்னை வாங்காதீர்கள். அதன் மேல் கிளியர் (நிறமில்லாத பாதுகாப்பு மேல்பூச்சு) அடித்தால் சாம்பல் நிறமாக மங்குகிறது. அடிக்காவிட்டால் கை பட்டாலே தேய்கிறது. மங்கலான வெள்ளி நிறமோ, பளபளப்புக் குறைந்த கறுப்போ அம்பாசடருக்குப் பொருத்தமாக இருக்கிறது. இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரிதேன்) கிளியரை மட்டும் பட்டறையிலேயே அடிக்கக் கொடுங்கள். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற, நுரையீரலைக் கெடுக்கும் வேதிப்பொருளைத் துணி முகமூடி தடுக்காது.

பம்பரின் உட்புறத்தையும் மறக்காதீர்கள். சேறும் ஈரமும் தங்குவது அங்கேதான் என்பதால், அங்கும் எபாக்ஸி அடித்து, ஒரு வாரம் நன்றாக இறுகவிட்டு, போல்ட்டுகளுக்கு ரப்பர் வாஷர் கொடுத்து மாட்டுங்கள். என் பின்பம்பர் அப்படி மாட்டிய பிறகு மூன்று சாரல் பருவங்களைக் கடந்துவிட்டது. இடது முனையில் கல் தெறித்த ஓரிடத்தில் மட்டும் சென்ற மாதம் பெயின்ட் வைத்துத் தொட்டேன்.